திதி அறியாச் சாவுகளும் புலம்பெயர் நினைவு நாள்களும்

(புலம்பெயர் தமிழர் வரலாறு – பகுதி 14)

1983 ஜூலைக்குப் பின்னர் ஈழத்தமிழர்கள் மேற்கு நாடுகளுக்குப் பெருந்தொகையாகச் சென்ற வரலாறும், அங்கே கோயில்களையும் தமிழ்ப் பள்ளிகளையும் கடைத்தெருக்களையும் அமைத்துக்கொண்ட விதமும் முந்தைய பகுதிகளில் கூறப்பட்டன. அவர்கள் விட்டுவந்த மண்ணில் போர் ஓயாமல் நடந்தது என்பதும், அதில் இறந்தவர்கள் அவர்களுடைய உடன்பிறந்தவர்களும் பெறாமக்களும் பள்ளித் தோழர்களும் அயலவர்களுமே என்பதும் அந்த வாழ்க்கையோடு சேர்த்தே பார்க்கப்பட வேண்டியவை. முகம் பார்க்கவும் தோள் கொடுக்கவும் வாய்க்காத தொலைவில் இருந்தவர்கள் அந்தச் சாவுகளை எந்த நாளில், எந்த முறையில் நினைவுகூர்ந்தார்கள், அந்த நினைவில் யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதே இப்பகுதியின் பொருள்.

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒரு சாவு நிகழ்ந்தால் அதன்பின் செய்ய வேண்டியவை ஓர் ஒழுங்கில் வந்துகொண்டிருக்கும். உடல் எரிக்கப்பட்டுச் சாம்பல் எடுக்கப்படும். எட்டாம் நாளையொட்டி எட்டுச்செலவு நடக்கும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எனப்படும் கிரியை, பெரும்பாலும் கீரிமலைக் கடலோரத்தில், செய்யப்படும். அன்று வீட்டுக்கு வந்தவர்களின் கையில் 'கல்வெட்டு' என்ற பெயருடைய சிறு நூல் ஒன்று கொடுக்கப்படும். இறந்தவரின் படமும், பிறந்த ஊரும், குடிவழியும், இறந்த நாளைக் கணித்துச் சொல்லும் திதி நிர்ணய வெண்பாவும், மனைவி மக்களின் புலம்பலாக அமைந்த பாக்களும் அதில் அச்சாகியிருக்கும். ஆண்டு நிறைவில் ஆட்டைத்திவசமும், அதன்பின் ஆண்டுதோறும் அதே திதியில் திவசமும் வரும். தந்தையை இழந்தவர் ஆடி அமாவாசையிலும் தாயை இழந்தவர் சித்திரா பௌர்ணமியிலும் விரதம் இருப்பர். இவ்வொழுங்கு முழுவதற்கும் உடல் கிடைத்திருக்க வேண்டும், இறந்த நாள் தெரிந்திருக்க வேண்டும் என்ற இரண்டும் அடிப்படை. போர் பல்லாயிரம் குடும்பங்களிடமிருந்து இவ்விரண்டையும் பறித்தது. கீரிமலையே கூட, வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயம் அமைக்கப்பட்ட பின்னர், பல ஆண்டுகள் மக்கள் விருப்பம்போல் சென்றுவர முடியாத இடமாயிற்று. புலம்பெயர் நாடுகளில் ஏற்பட்ட பொது நினைவு நாள்களின் வலிமையை அரசியலைக் கொண்டு மட்டும் விளக்க முயன்றவர்கள் இந்த இழப்பைப் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை.

அந்நாள்களுள் மூத்தது நவம்பர் 27-இல் கடைப்பிடிக்கப்படும் மாவீரர் நாள். தமிழீழ விடுதலைப் புலிகளின் முதலாவது போராளியாக இறந்தவர் கம்பர்மலையைச் சேர்ந்த சங்கர் எனப்படும் சத்தியநாதன். யாழ்ப்பாணத்தில் இராணுவத்தின் சூட்டில் காயமுற்று, கடல்வழியாகத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர், 1982 நவம்பர் 27-இல் உயிர் நீத்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, இந்திய அமைதிப்படை வடக்கில் நிலைகொண்டிருந்த 1989-இல், முல்லைத்தீவுக் காட்டுக்குள் கூடிய போராளிகள் அந்த நாளை அதுவரை இறந்த தம் தோழர்கள் அனைவருக்குமான நாளாக முதன்முறை கடைப்பிடித்தனர். அப்போது அது ஓர் இயக்கத்தின் உள்நிகழ்வு. மறு ஆண்டு முதல் ஊர்களுக்கும் பள்ளிகளுக்கும் பரவி, நவம்பர் 21 தொடங்கி 27 வரை மாவீரர் வாரம் என விரிந்தது. சங்கர் இறந்த நேரமாகக் கொள்ளப்படும் மாலை 6.05-க்கு மணி ஒலிப்பதும், அகவணக்கம் எனப்படும் மௌன அஞ்சலி செலுத்துவதும், அதைத் தொடர்ந்து ஈகைச்சுடர் ஏற்றுவதும் பின்னாளில் நிலைபெற்ற முறைகள். கார்த்திகை விளக்கீடு வரும் பருவத்திலேயே இந்நாளும் அமைவதால், வீட்டு வாசலில் சுட்டி விளக்கு வைக்கும் பழைய வழக்கமும் புதிய சுடரும் மக்கள் மனத்தில் அருகருகே வந்து நின்றன. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் மக்கள் விளக்கீட்டுக்கு ஏற்றிய சுட்டிகளையும் படையினர் ஐயத்தோடு பார்த்து அணைக்கச் செய்ததற்கு இந்நெருக்கமே காரணம்.

இறந்த போராளிகளின் உடல்களை எரிப்பதே தொடக்கத்தில் வழக்கமாக இருந்தது. 1991-இல் புலிகள் அதைக் கைவிட்டுப் புதைக்கும் முறைக்கு மாறினர். கோப்பாயில் அவ்வாறு எழுந்த இடம் மாவீரர் துயிலும் இல்லம் எனப்பட்டது. அங்கே இறந்தவரின் உடல் 'வித்துடல்' என்றும் அதைப் புதைத்தல் 'விதைத்தல்' என்றும் வழங்கப்பட்டன. உடல் உள்ள இடத்தில் எழுப்பப்பட்டது கல்லறை. கடலிலோ எதிரியின் நிலத்திலோ இறந்து உடல் மீளாதவர்க்கு நிறுத்தப்பட்டது நடுகல். சாதியோ சமயமோ குறிக்கப்படாமல், பெயரும் படிநிலையும் ஊரும் நாளும் மட்டும் பொறித்த ஒரே அளவிலான கற்கள் நேர் வரிசைகளில் நின்றன. சாதிக்கொரு சுடலை இருந்த யாழ்ப்பாணத்தில் இது சிறிய மாற்றம் அன்று. பின்னர் கனகபுரம், விசுவமடு, முழங்காவில், முள்ளியவளை, அளம்பில், எள்ளங்குளம், கொடிகாமம், ஆட்காட்டிவெளி, தரவை, தாண்டியடி, கஞ்சிகுடிச்சாறு என வடக்கிலும் கிழக்கிலும் இத்தகைய இல்லங்கள் பெருகின. 2008 இறுதியில் புலிகள் வெளியிட்ட கணக்கின்படி மாவீரர் எனப் பதியப்பட்டவர்களின் தொகை 22,000-ஐத் தாண்டியிருந்தது.

நடுகல் என்ற பெயரைத் தேர்ந்ததன் வழியாக இயக்கம் தன் வழக்கத்தைச் சங்ககாலத்தோடு இணைத்துக் காட்டியது. கல்லைத் தேர்ந்து, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்தும் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்துக் கூறுகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்-பிராமி எழுத்துடைய நடுகற்கள் அவ்வழக்கின் பழமைக்குச் சான்று. ஆயினும் ஒரே அளவிலான கற்களின் வரிசை, புல்வெளி, நவம்பர் மாதம், மணி ஒலியைத் தொடரும் மௌனம் ஆகியவை உலகப்போர்களுக்குப் பின் பிரித்தானியப் பொதுநலவாய நாடுகள் அமைத்த போர்க் கல்லறைகளையும் அவற்றின் சடங்குகளையும் நினைவூட்டுகின்றன என்று மானிடவியலாளர் சிலர் சுட்டியிருக்கின்றனர். அத்தகைய கல்லறைத் தோட்டம் ஒன்று திருகோணமலையிலேயே உண்டு. இரண்டு மூலங்களும் உண்மை என்று கொள்வதே பொருந்தும். பழைய சொல்லும் புதிய வடிவமும் சேர்ந்தே இந்த மரபு பிறந்தது.

அந்த மரபு கடல் கடந்தபோது அதன் நடுவிலிருந்த கல்லறை உடன் வரவில்லை. கல்லறை இல்லாமல் துயிலும் இல்லச் சடங்கை நடத்துவது எப்படி என்ற கேள்விக்கு 1990-களில் ஐரோப்பிய, கனடிய நகரங்களின் தமிழ் அமைப்புகள் கண்ட விடை, மண்டபத்துக்குள் ஒரு துயிலும் இல்லத்தை அமைப்பதாக இருந்தது. பின்னாளில் லண்டனின் எக்ஸெல் மண்டபத்திலும், சுவிட்சர்லாந்தில் ஃபிரிபூர்க் நகரின் பெரிய மண்டபத்திலும், ஜெர்மனி, பிரான்ஸ், நோர்வே, டென்மார்க் நகரங்களிலும் இதற்காக மக்கள் திரண்டனர். மரச்சட்டத்திலும் அட்டையிலும் கல்லறைகளின் உருவம் செய்யப்பட்டு மேடையின் முன் வைக்கப்படும். சிவப்பு மஞ்சள் துணி சுற்றிய நீள மேசைகளில் படங்கள் வரிசையாக நிற்கும்; ஒவ்வொரு படத்தின் கீழும் படிநிலை, இயக்கப் பெயர், இயற்பெயர், ஊர், இறந்த நாள். மண்டபத்துக்குள் நுழையும் குடும்பம் முதலில் தன்னுடைய படத்தைத் தேடும். அது கிடைத்ததும் தாய் அதன் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைப்பதும், பேரப்பிள்ளைகளின் கையில் பூவைக் கொடுத்து வைக்கச் செய்வதும், மணி ஒலிக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகராமல் நிற்பதும் எல்லா நாடுகளிலும் ஒரே விதமாகக் காணப்படுபவை. பொதுச்சுடரை ஒருவர் ஏற்ற, தொடர்ந்து ஒவ்வொரு படத்தின் முன்னும் அந்தந்தக் குடும்பமே சுடரை ஏற்றும். துயிலும் இல்லங்களுக்கென்று கவிஞர் புதுவை இரத்தினதுரை எழுதிய பாடல் அப்போது ஒலிக்கும். அதை எழுதிய கவிஞரும் 2009 மே மாதத்தில் இராணுவத்திடம் சரணடைந்த பின் காணாமலாக்கப்பட்டவர்களுள் ஒருவர் என்பதால், இன்று அப்பாடலைக் கேட்பவர்கள் எழுதியவரையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

நேரத்தைப் பற்றிய கவனம் தனியாகக் குறிப்பிடத்தக்கது. தாயகத்தில் மாலை 6.05 ஆகும்போது நவம்பர் மாதத்து லண்டனில் பகல் 12.35, சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் 1.35. ஐரோப்பாவில் நடக்கும் நிகழ்வுகளில் அந்தப் பகல் பொழுதிலேயே மணி ஒலிக்கச் செய்யும் வழக்கம் ஏற்பட்டதால், வேலை நாளாக இருந்தாலும் விடுப்பு எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வர வேண்டியிருந்தது. ரொறன்ரோவில் அதே கணம் காலை 7.35 என்பதால் அங்கே இதைப் பின்பற்றுவது எளிதன்று. கனகபுரத்தில் தன் மகளின் கல்லறையில் உறவினர் ஒருவர் சுடர் வைக்கும் அதே கணத்தில் தானும் சுடர் வைக்கிறோம் என்ற உணர்வு, கல்லறையிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள தாய்க்கு இடத்தின் குறையை நேரத்தால் ஈடுசெய்தது. சமய அறிஞர் பீற்றர் சால்க், ஐரோப்பாவில் நடந்த மாவீரர் நாள்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், அவற்றைக் கோயில் திருவிழாக்களிலிருந்து வேறான, சமயம் கடந்த ஒரு கொண்டாட்ட வடிவமாகக் கண்டார். சைவரும் கத்தோலிக்கரும் ஒரே வரிசையில் நின்று ஒரே முறையில் வணங்கிய இடம் என்ற அளவில் அது சரியான பார்வை. ஆனால் படத்தின் முன் நின்ற குடும்பங்களின் அளவில் அது ஒரு திவசமாகவும் இருந்தது.

இந்நிகழ்வுகள் துயரத்துக்கு மட்டும் உரியவையாக இருக்கவில்லை. 2008 வரை ஆண்டுதோறும் அந்நாளில் வெளியான புலிகளின் தலைவர் பிரபாகரனின் உரை வானொலியிலும் செய்மதித் தொலைக்காட்சியிலும் உடனுக்குடன் கேட்கப்பட்டு, அடுத்த ஆண்டின் போரா அமைதியா என்பதை அறியும் குறியாக மதிக்கப்பட்டது. மண்டப வாசலில் நிதியும் திரட்டப்பட்டது. புலம்பெயர் தமிழரிடம் போருக்காகப் பணம் பெறுவதில் அச்சுறுத்தலும் கட்டாயமும் இருந்தன என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் 2006 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை கூறியது. மேற்கு நாடுகளின் தடைகளும் அடுத்தடுத்து வந்தன: பிரித்தானியா 2001-இலும், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006-இலும் புலிகளைத் தடை செய்தன. இறந்தவரை நினைவுகூர்வது அந்நாடுகள் எதிலும் குற்றமாகவில்லை. ஆயினும் தடைசெய்யப்பட்ட அமைப்பின் சின்னத்தைப் பொதுவிடத்தில் ஐயத்துக்கு இடமாகும் வகையில் காட்டுவது பிரித்தானியாவின் 2000-ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதால், கொடியை ஏற்றலாமா என்ற வாதம் அங்கே ஆண்டுதோறும் எழுந்தது. கொடியைப் பற்றிய சட்டச் சிக்கல் கூடக்கூட, 2003-இல் புலிகள் தேசியப் பூவாக அறிவித்த கார்த்திகைப்பூவுக்கு மதிப்பு மிகுந்தது. நவம்பர் முற்பகுதியில் உலகப்போர் நினைவாகப் பொப்பிப் பூவை அணிந்து பள்ளி சென்ற தமிழ்ப் பிள்ளைகள், அதே மாத இறுதியில் சிவப்பும் மஞ்சளுமான கார்த்திகைப்பூவை அணிந்து மண்டபம் சென்றனர்.

2002-இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ-9 நெடுஞ்சாலை திறந்தபோது, பல ஆண்டுகள் படத்தின் முன் மட்டுமே நின்றவர்கள் கல்லறையின் முன் நிற்கும் வாய்ப்பைப் பெற்றனர். கோப்பாய்த் துயிலும் இல்லம், 1995 இறுதியில் இராணுவம் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர் இடித்து அழிக்கப்பட்டிருந்தது. போர்நிறுத்தக் காலத்தில் அது மீளக் கட்டப்பட்டபோது, உடைந்த பழைய கற்களின் துண்டுகள் ஒரு கண்ணாடிப் பேழையில் சேர்த்து வைக்கப்பட்டன. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் புதிய கல்லில் பெயரைக் கண்டு வணங்கிய பின் அந்தப் பேழையின் முன்னும் நின்று சென்றனர். அவர்களுள் பலர் அந்தக் கற்களைக் கண்டது அதுவே முதலும் கடைசியுமாயிற்று. 2009-க்குப் பின் துயிலும் இல்லங்கள் அனைத்தும் கனரக வாகனங்களால் தரைமட்டமாக்கப்பட்டன. கோப்பாயில் 2011 மார்ச்சில் இராணுவத்தின் 51-ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. பிள்ளையின் எலும்புகளின்மேல் படைமுகாம் எழுவதைத் தடுக்கவோ, அதைப் பற்றி வாய் திறக்கவோ அங்கிருந்த பெற்றோருக்கு வழியில்லை. ஒரு போரில் தோற்ற தரப்பின் இறந்தவர்களுக்கு இழைக்கப்பட்ட இந்த அவமதிப்புக்கு எந்த நியாயமும் கூற முடியாது. அதுவரை தாயகச் சடங்கின் சாயலாக நடந்துவந்த புலம்பெயர் நிகழ்வு, அந்த ஆண்டுகளில் அச்சடங்கு வெளிப்படையாக நடக்கக்கூடிய ஒரே இடமாகியது. பிரித்தானியாவில் ஆக்ஸ்போர்ட்ஷையர் பகுதியில் உலகத் தமிழர் வரலாற்று மையம் என்ற பெயரில் நிலம் பெறப்பட்டு, வாடகை மண்டபத்தை நம்பாத நிலையான நினைவிடம் அமைக்கப்பட்டது இதன் விளைவே. தாயகத்தில் 2016 முதல் மக்கள் கனகபுரம் முதலிய இடங்களில் பற்றைகளை வெட்டி, சிதறிய கல் துண்டுகளைக் குவித்து, மீண்டும் சுடர் ஏற்றத் தொடங்கினர்.

மாவீரர் நாளைச் சூழ்ந்து வேறு சில நாள்களும் புலம்பெயர் நாள்காட்டியில் இடம்பெற்றன. 1987 செப்டெம்பரில் நல்லூரில் நீரும் அருந்தாமல் உண்ணாநோன்பிருந்து 26-ஆம் நாள் இறந்த திலீபனின் நாள், அவ்வாண்டு அக்டோபர் 10-இல் கோப்பாயில் இறந்த முதற் பெண் போராளி மாலதியின் நாள், 1988 ஏப்ரல் 19-இல் மட்டக்களப்பில் உண்ணாநோன்பில் உயிர்விட்ட அன்னை பூபதியின் நாள் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. 2009 தொடக்கத்தில் போரை நிறுத்தக் கோரித் தீக்குளித்த இருவர், ஜனவரி 29-இல் சென்னையில் முத்துக்குமாரும் பிப்ரவரி 12-இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் முன் லண்டன் இளைஞர் முருகதாசனும், ஈகைப் பேரொளிகள் என்ற பெயரில் இவ்வரிசையில் சேர்ந்தனர். களத்தில் நில்லாத, ஆயுதம் ஏந்தாத, இலங்கை மண்ணிலேயே இல்லாத அவர்களும் மாவீரர்களோடு வைத்து வணங்கப்பட்டனர்.

நினைவின் வட்டம் உண்மையில் விரிந்தது மே 18-ஆல். 2009 ஜனவரி முதல் மே வரை முல்லைத்தீவின் ஒடுங்கிய கரையோரத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் கூறியது. மன்னார் ஆயர் இராயப்பு யோசப், அரசின் சொந்த மக்கள்தொகைக் கணக்குகளை ஒப்பிட்டு, 146,679 பேருக்குக் கணக்குக் காட்டப்படவில்லை என்று அதே ஆண்டு நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கூறினார். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியே இறந்தவர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணாததைக் காட்டும். இவர்களுக்குப் படிநிலை இல்லை, இயக்கப் பெயர் இல்லை, பெரும்பாலோருக்குக் குழியும் இல்லை. பதுங்குகுழியே பலருக்குப் புதைகுழியானது. எந்த நாளில் இறந்தார்கள் என்பதையும் உடனிருந்தவர்களே உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில், முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த மே 18 அனைவருக்கும் பொதுவான திதியாயிற்று. அதே நாள்களைக் கொழும்பு வெற்றி விழாவாகக் கொண்டாடியது. 2015-இல் அந்த விழாவின் பெயர் நினைவு நாள் என்று மாற்றப்பட்டும் அவ்வாண்டு அணிவகுப்பு நின்றுவிடவில்லை.

இந்நாளுக்கு உரிய சடங்கு உணவிலிருந்து பிறந்தது. முற்றுகையின் கடைசி வாரங்களில் மக்களை உயிரோடு வைத்திருந்தது அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சி. அதற்கு வரிசையில் நின்றவர்கள்மீதும் எறிகணைகள் விழுந்தன. யாழ்ப்பாணத்துக் கஞ்சிக்கு வழமையாகச் சுவை தரும் எதுவும் இல்லாத அந்தக் கஞ்சியை மே 12 முதல் 18 வரை காய்ச்சி வழங்குவது தாயகத்தில் வழக்கமாகி, லண்டன், பாரிஸ், ரொறன்ரோ, சிட்னி என எங்கும் பரவியது. தாயகத்தில் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கப்படுவது, வெளிநாட்டுத் தெருக்களில் காகிதக் குவளையில் கொடுக்கப்படுகிறது. கடைக்குப் போகும் வழியில் குவளையை வாங்கிக் குடித்து, இது ஏன் இப்படிச் சப்பென்று இருக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்குத் தாய் அங்கேயே நின்று சொல்லும் விடை, மேடைப் பேச்சுகள் பலவற்றைவிட ஆழமாகப் பதிகிறது. இக்கஞ்சியின் வலிமையை அரசும் அறிந்திருந்தது: 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கஞ்சி வழங்கியதற்காகப் பெண்கள் உட்பட நால்வர் கைது செய்யப்பட்டனர்.

இழப்பை நாடாளுமன்றங்களின் மொழியில் பதிவுசெய்வதில் கனடியத் தமிழர் பெற்ற வெற்றி ஏனையோருக்கு வாய்க்கவில்லை. மே 18-இல் முடியும் ஏழு நாள்களைத் தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரமாக்கும் சட்டம் 2021 மே மாதத்தில் ஒன்ராறியோ மாகாண சபையில் நிறைவேறியது. அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு நீதிமன்றங்களில் தோற்றது. 2022 மே 18-இல் கனடிய நாடாளுமன்றம் அந்நாளைத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்கும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. இதனிடையே, 2021 ஜனவரி 8 இரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்களின் உண்ணாநோன்புக்குப் பின் மூன்றே நாள்களில் புதிய அடிக்கல் நாட்டப்பட்டு, ஏப்ரலில் தூபி மீண்டும் எழுந்தது. அந்த இடிப்பின் அதிர்ச்சியில் கனடாவின் பிரம்டன் நகரசபை தன் நகரில் ஒரு நினைவுச்சின்னம் அமைக்க முடிவெடுத்தது. அது 2025 மே 10-இல் சிங்குவாகூசிப் பூங்காவில் திறக்கப்பட்டபோது இலங்கை அரசு கனடியத் தூதரை அழைத்துக் கண்டனம் தெரிவித்தது. யாழ்ப்பாணத்தில் இடித்தவர்கள் பிரம்டனில் ஒரு தூண் எழக் காரணமானார்கள். தமிழ்நாட்டில் தஞ்சாவூரை அடுத்த விளாரில் பழ. நெடுமாறன் முன்னின்று எழுப்பிய முள்ளிவாய்க்கால் நினைவு முற்றமும் இவ்வகையில் எண்ணப்பட வேண்டியது. 2013 நவம்பரில் அது திறக்கப்பட்ட சில நாள்களிலேயே அதன் சுற்றுச்சுவரை அதிகாரிகள் இடித்தனர், நெடுமாறனும் கைது செய்யப்பட்டார்.

இவ்வளவு விரிந்த வட்டத்துக்கும் வெளியே நிற்பவர்கள் உண்டு. 1983 ஜூலை 25-இலும் 27-இலும் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகளுள் குட்டிமணியும் தங்கத்துரையும் டெலோ இயக்கத்தின் தலைவர்கள். அவர்களை எல்லாத் தரப்பும் நினைவுகூர்கின்றன. ஆனால் 1986-இல் அதே இயக்கத்தின் தலைவர் சிறீ சபாரத்தினமும் போராளிகள் பலரும் புலிகளால் கொல்லப்பட்டதற்கு மண்டபங்களில் சுடர் ஏற்றப்படுவதில்லை. 1990 ஜூன் 19-இல் சென்னையில் கொல்லப்பட்ட தம் தலைவர் பத்மநாபாவையும் தோழர்களையும் ஈ.பி.ஆர்.எல்.எப். இயக்கத்தார் தியாகிகள் தினத்திலும், ஜூலை 13 முதல் 16 வரை தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்தையும் தம் தலைவர் உமாமகேஸ்வரனையும் புளொட் இயக்கத்தார் வீரமக்கள் தினத்திலும், சிறு கூட்டங்களில், தனித்தனியே நினைவுகூர்கின்றனர். 1989 செப்டெம்பர் 21-இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவ விரிவுரையாளர் ராஜனி திராணகமவை மனித உரிமையாளர்கள் மறக்கவில்லை. பெரிய மண்டபங்கள் மறந்தன. போரின் கடைசி இரண்டு ஆண்டுகளில் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் எனக் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, சில வாரப் பயிற்சியோடு களத்துக்கு அனுப்பப்பட்டு இறந்த பிள்ளைகளின் நிலை இதனினும் சிக்கலானது. அவர்களுக்கு மாவீரர் என்ற மதிப்பு உண்டு. பிள்ளையைக் கொண்டுபோனவர்களின் கொடியின் கீழ் அந்த மதிப்பை ஏற்க வேண்டிய பெற்றோரின் நெஞ்சுக்குள் இருப்பதைச் சொல்வதற்கு அந்த மண்டபத்தில் இடமில்லை. அமைப்புகள் 2009-க்குப் பின் பிளவுபட்டு ஒரே நகரில் இரண்டு மாவீரர் நாள்கள் நடந்தபோது, எந்த மண்டபத்தில் தன் பிள்ளையின் படம் வைக்கப்படும் என்று விசாரித்துச் செல்ல வேண்டியவர்களும் இந்தப் பெற்றோரே.

எவருக்கும் முன் சுடர் பெற வேண்டியவராகக் கருதப்படக்கூடிய பிரபாகரனுக்கே நீண்ட காலம் சுடர் இல்லாமற்போனது இவ்வரலாற்றின் வேதனையான பகுதி. 2009 மே 19-இல் அரசு அவர் உடலைக் காட்டியது. புலிகளின் பன்னாட்டு உறவுகளுக்குப் பொறுப்பாக இருந்த செல்வராசா பத்மநாதன் மே 24-இல் இறப்பை உறுதிப்படுத்தினார். ஆயினும் அமைப்புகள் பல அதை ஏற்கவில்லை; 2023 பிப்ரவரியில் தஞ்சாவூரில் நெடுமாறன் அவர் உயிரோடு இருப்பதாக அறிவித்தபோது அந்த நம்பிக்கைக்குப் புதிய உயிர் வந்தது. தம் தோழர்கள் ஒவ்வொருவருக்கும் கல் நட்டவர்களின் தலைவருக்குப் படமும் நாளும் மறுக்கப்படுவதை, அவரை நேசித்த பலரே இன்று தாங்க முடியாமல் வெளிப்படையாகக் கேள்விக்குள்ளாக்குகின்றனர்.

சடங்குக்கு அடுத்த வேலையாகப் பெயர்களைத் திரட்டுவது இப்போது நடந்துவருகிறது. யஸ்மின் சூக்கா தலைமையிலான சர்வதேச உண்மைக்கும் நீதிக்குமான செயற்றிட்டம், புலம்பெயர்ந்த குடும்பங்களிடமும் சாட்சிகளிடமும் கேட்டு, வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்த பின் காணாமற்போனவர்களின் பட்டியலைத் தொகுத்தது; அதையும் வேறு பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பார்த்த புள்ளியியலாளர்கள் 2009 மே நடுப்பகுதியின் அந்த மூன்று நாள்களில் மட்டும் ஏறத்தாழ 500 பேர் அவ்வாறு மறைந்ததாக மதிப்பிட்டனர். தாயகத்தில் 2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மாரின் கையிலும் அதே படங்கள் இருந்தன. அவர்கள் அந்தப் படங்களுக்கு மாலை போடுவதில்லை, சுடர் வைப்பதில்லை, திவசம் கேட்டால் மறுக்கிறார்கள். பிள்ளையைக் கையளித்த இடமும் நாளும் அவர்களுக்குத் தெரியும், இறந்த நாள் தெரியாது. மே 18-இல் வெளிநாட்டு மண்டபங்களில் அதே பிள்ளையின் படத்தை இறந்தோர் வரிசையில் வைப்பதா, காணாமலாக்கப்பட்டோர் வரிசையில் வைப்பதா என்று ஊருக்குத் தொலைபேசியில் கேட்டறிந்த பின்னரே உறவினர்கள் முடிவு செய்கின்றனர்.